பத்தே நிமிஷத்தில் காஞ்சிபுரம்

புதன்கிழமை காலை எட்டு இருபதுக்கு ஈரோட்டிலிருந்து ஒன்பது பேர் காஞ்சிபுரம் முனையத்தில் வந்து இறங்கினார்கள். எட்டு இருபத்தொன்றுக்கு மாப்பிள்ளையின் அப்பா கலியாணசுந்தரம் போன் போட்டார்.

"வந்துட்டோமுங்க சம்பந்தி."

பெண்ணின் அப்பா நமச்சிவாயம் அதை ஸ்பீக்கரில் போட்டு வீட்டில் இருந்தவர்கள் எல்லாரையும் கேட்க வைத்தார். பிறகு மனைவி இந்திராணியைப் பார்த்தார். மேடையில் பேசும்போது கைதட்டலுக்காக நிறுத்திப் பார்ப்பாரே, அந்த மாதிரி.

"பாத்தியா? கார்ல வந்திருந்தா இந்நேரம் வேலூர் தாண்டியிருக்க மாட்டாங்க."

"அவங்க இறங்கியிருக்கறது கூரத்துக்கும் அந்தாண்ட. இனிமேதான் வரணும்" என்றாள் இந்திராணி, வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே. "யாராச்சும் போயி கூட்டிக்கினு வரலாம் இல்ல?"

"போய்க் கூட்டியாந்தா தூரம்னு நெனச்சிக்குவாங்க."

இந்த ஒரு வாக்கியத்தில் நமச்சிவாயத்தின் ஏழு வருஷப் பொதுவாழ்வு அடங்கியிருந்தது. பிள்ளையார்பாளையத்தில் வீடு, வீட்டின் பின்கட்டில் நான்கு தறி, கடைவீதியில் ஒரு பட்டுக்கடை என்று இருந்தவர், வெளியூர் ரயில்கள் வந்து நிற்க ஊருக்கு ஒரு பெரிய முனையம் வேண்டும் என்று போராட்டக் குழு ஆரம்பித்தார். மனு கொடுத்தார். காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் உண்ணாவிரதம் இருந்தார். கடைசியில் முனையம் வந்தே விட்டது. ஊருக்கு வரவில்லை, பதினாலு கிலோமீட்டர் தள்ளி கோரைத்தாங்கல் என்ற ஊரின் ஏரிக்கரையோரம் வந்தது. போராட்டக் குழு அதே கூட்டத்தில் வெற்றிக் குழு என்று பேரை மாற்றிக்கொண்டது.

கோரைத்தாங்கல்காரர்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். பலகையில் எங்கள் ஊர்ப் பேரையும் சின்ன எழுத்திலாவது போடுங்கள் என்றார்கள். நமச்சிவாயம் அதற்கும் ஒரு உண்ணாவிரதம் இருந்து தடுத்தார். கோரைத்தாங்கல் என்று படித்தால் எந்த யாத்திரிகன் இறங்குவான்? பலகையில் 'காஞ்சிபுரம்' என்று மட்டும் எழுதினார்கள். திறப்பு விழாவில் மைக்கைப் பிடித்து, "முனையத்தில் கால் வைத்தால் காஞ்சியில் கால் வைத்ததே" என்று அவர் சொன்னதற்குக் கிடைத்த கைதட்டல், அந்த வாசகம் காலண்டரில் அச்சேறும் அளவுக்கு இருந்தது. அச்சேறியது. நோட்டீசில், 'நகரின் மையத்துக்குப் பத்தே நிமிஷம்' என்றும் போட்டார். எந்த வண்டியில் என்று போடவில்லை.

சித்திரையில் திறந்தார்கள். தினமும் ரெண்டாயிரம் பேர் இறங்குவதாகக் கணக்கு. போனில் பார்த்தால் அத்தனை பேரும் அஞ்சு நட்சத்திரம் கொடுத்து, 'இறங்கியவுடன் ஊர், மிகவும் வசதி' என்று எழுதியிருந்தார்கள். ஆனால் ஊருக்குள் அந்த ரெண்டாயிரம் பேரில் ஒருத்தரையும் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. லாட்ஜில் ரூம் காலி. கடையில் விரித்த புடவையை மடிக்க வேலை இல்லை, விரித்தால்தானே. வைகாசியில் கேட்டவர்களிடம் வெயில் என்றார் நமச்சிவாயம். ஆடியில் கேட்டவர்களிடம் ஆடி என்றார். இப்போது ஆவணி. யாரும் கேட்பதில்லை.

இன்றைக்கு அவர் மகள் கலைவாணிக்கு நிச்சயம். வயது முப்பத்தொன்று. ஏற்கெனவே ரெண்டு இடம் வந்து கெட்டுப்போனது. முதல் இடத்துக்காரர்கள் பெண் பார்க்க வந்தபோது நமச்சிவாயம் வரவேற்புரை நாற்பது நிமிஷம் நிகழ்த்தினார். ரெண்டாவது இடத்துக்கு முப்பத்தைந்தாகக் குறைத்தும் பலனில்லை. மூன்றாவதை அவளே பார்த்துக்கொண்டாள். கலைவாணி புடவை பார்டருக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். ஈரோட்டில் தறி வைத்திருக்கும் குமரன், அவள் போட்ட அன்னப்பட்சிக்கு ஒரு கால் குறைகிறது என்று போன் பண்ணினான். ரெண்டு மாசம் சண்டை, நாலு மாசம் பேச்சு. நேரில் பார்த்ததில்லை, போட்டோ மட்டும்தான்.

"இந்த ஒண்ணு கெட்டுச்சுன்னா இன்னொண்ணு பாக்க வேணாம்ப்பா" என்று அவள் நேற்று ராத்திரி சொல்லியிருந்தாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் பதில் பேசியிருப்பார். சாதாரணமாகச் சொன்னாள்.

பதினொன்றே முக்காலுக்குள் தட்டு மாற்ற வேண்டும். பன்னிரண்டுக்கு ராகு காலம். பெண் வீட்டுத் தட்டு மாப்பிள்ளை வீட்டார் கைக்கும், அவர்கள் தட்டு இவர்கள் கைக்கும் போய்விட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் எந்தப் பக்கமும் பின்வாங்குவது கிடையாது.

ஒன்பதேகால் வரைக்கும் யாரும் வரவில்லை. நமச்சிவாயம் போன் போட்டார்.

"எங்க வந்துக்கினு இருக்கீங்க சம்பந்தி?"

"வந்துட்டோமுங்களே" என்றார் கலியாணசுந்தரம். பின்னால் டம்ளர் சத்தம் கேட்டது. "காப்பி கூட ஆச்சுங்க."

"வழியில நிறுத்தினீங்களா?"

"வழியா? உங்க ஊட்லதானுங்க உக்காந்திருக்கோம். போன் வருதுன்னு நீங்க இப்பத்தான உள்ள எந்திரிச்சுப் போனீங்க."

நமச்சிவாயம் கூடத்தைப் பார்த்தார். ஷாமியானா கடையிலிருந்து வந்த ஒன்பது நாற்காலி, வெள்ளை உறை போட்டு வரிசையாக இருந்தது. ஒன்றில் பூனை.

"தமாஷ் பண்றீங்க."

"பச்சைக் கதவு, செவத்துல நீங்க மைக் புடிச்சிட்டு நிக்கற போட்டோ. அட, நீங்க சொன்ன மாதிரியே பத்து நிமிஷந்தானுங்க. மூலை திரும்பினோம், தெரு வந்துருச்சு." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சரி, வெளிய வாங்க. பொண்ணக் கொண்டாந்து உக்கார வெச்சுட்டாங்க."

போன் வைக்கப்பட்டது. கலைவாணி அலங்காரம் பாதியில் அறை வாசலில் வந்து நின்றாள். தலையில் ஒரு பக்கம்தான் பூ. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், தன் போனை எடுத்துக் குமரனுக்குப் போட்டாள். அவனும் ஸ்பீக்கரில் வந்தான்.

"எங்க இருக்கீங்க?"

"கலை, எதிர்லதான உக்காந்திருக்க" என்றான் மெதுவாக. "உன் கையில போனே இல்ல. எப்படிப் பேசற?"

"என்ன டிரெஸ்ல இருக்கேன்?"

"அம்மா கொண்டாந்த அரக்குப் புடவை. இப்பத்தான் கட்டிட்டு வந்த. வந்ததுலருந்து நீ ஒரு வார்த்த பேசல. நீயான்னு எனக்கு..."

லைன் போய்விட்டது.

கலைவாணி இன்னும் பழைய சல்வாரில்தான் இருந்தாள். "அப்பா" என்றாள். "போங்க. நீங்களே போங்க. நோட்டீஸ் எல்லாம் வேணாம், போயி அவங்கள இட்டுக்கினு வாங்க."

தெருவில் அன்றைக்குப் பாவு போட்டிருந்தார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பட்டு இழையை இழுத்துக் கட்டி, ரெண்டு பக்கமும் ஆட்கள் நின்று அறுந்த இழைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாவைத் தாண்டி யாரும் போக மாட்டார்கள். மந்திரியே வந்தாலும் சுற்றித்தான் போக வேண்டும். நமச்சிவாயம் பின்சந்து வழியாக ஓடிப்போய் ஷேர் ஆட்டோ ஷோயப்பைப் பிடித்தார். ஷோயப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நாலு மாசமாக அவனுக்குப் பேப்பர் படிக்க நிறைய நேரம் இருந்தது.

"முனையத்துக்கு விடுப்பா. ஜல்தி."

"பத்து நிமிஷந்தானே தலைவரே, இன்னா அவசரம்?" என்றான் ஷோயப். அவர் முகத்தைப் பார்த்ததும் பேப்பரை மடித்து சீட்டுக்கு அடியில் போட்டான்.

ஊர் முடிந்து வயல் ஆரம்பித்தது. பாதி வழி வந்தது. நமச்சிவாயம், ஒரு குசலம் விசாரிக்கிற மாதிரி கேட்டார்: "அங்க சவாரி எடுக்கறியாப்பா இப்பல்லாம்?"

"எடுக்கறது இல்ல."

"ஏன்?"

"ஏறினாத்தானே எடுக்க? மொத வாரம் போயி நின்னேன். ரயிலு வருது, ஜனம் இறங்குது. காஞ்சிபுரம் டவுன், காஞ்சிபுரம் டவுன்னு கூவறேன். ஒரு பெரியவரு சிரிக்கறாரு. காஞ்சிபுரத்துல நின்னுக்கிட்டு காஞ்சிபுரத்துக்கு ஆட்டோவான்றாரு. நேரா நடந்து போயி மூலை திரும்பறாங்க. அவ்ளோதான். அந்தாண்ட கோரையும் சேறும். நானே போயிப் பாத்திருக்கேன்."

"அப்புறம் எங்க போறாங்க?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? சாயங்காலம் திரும்பி வர்றாங்க ரயில் ஏற. நெத்தில குங்குமம், கையில பொடவப் பை. சந்தோஷமாத்தான் வர்றாங்க." ஒரு மாட்டுக்கு ஹாரன் அடித்தான். "ஒரு அம்மா பையை மறந்து வெச்சிட்டுப் போச்சு. யாரு வீட்டுப் பொருளோன்னு தொறந்து பாத்தேன். பொட்டி இருக்குது, கடைப் பேரு இருக்குது. உங்க கடைதான் தலைவரே. உள்ள ஒண்ணும் இல்ல. காத்து. அன்னிலேந்து அந்தப் பக்கம் போறதுக்கே எனக்கு பேஜாரா இருக்குது."

"எங்கிட்ட சொல்றதுதானே?"

"சொன்னேன். ஆனின்னு சொன்னீங்க."

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். முனையத்தின் முகப்பைக் கோபுரம் போலக் கட்டியிருந்தார்கள். அந்த யோசனையும் நமச்சிவாயத்தினுடையதுதான். ஷோயப் வளைவுக்கு வெளியிலேயே வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், "நான் இங்கியே இருக்கேன்" என்றான்.

அப்போதுதான் ஒரு ரயில் வந்திருந்தது. ஜனங்கள் அவரைத் தாண்டி நடந்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தர் பலகையைக் காட்டி, "காஞ்சிபுரம், படி" என்றார். குழந்தை எழுத்துக்கூட்டிப் படித்தது. மூலையில் திரும்பினார்கள். நமச்சிவாயமும் அவர்கள் பின்னாலேயே போய்த் திரும்பினார்.

பிள்ளையார்பாளையம்.

அவருடைய தெருவேதான். மூன்றாவது வீட்டு ஜன்னல் கம்பி வளைந்திருப்பது வரைக்கும் சரியாக இருந்தது. சாக்கடை மட்டும் இல்லை. ஈ இல்லை. எங்கே நின்று பார்த்தாலும் வீடுகளுக்கு மேலே ஒரு கோபுரம் தெரிந்தது, நோட்டீஸ் படத்தில் அவர் வைக்கச் சொன்ன மாதிரி. கோயில் மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பகலில் நடை சாத்துவதால் யாத்திரிகர்களுக்குச் சிரமம் என்று அவர் ஒரு மனு எழுதியிருந்தார். இங்கே நடை சாத்துவதே இல்லை போலிருக்கிறது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தறிச் சத்தம் வந்தது, எல்லாம் ஒரே தாளத்தில், ஒன்றாக ஆரம்பித்து ஒன்றாக நின்று. தறி அப்படி ஓடாது. ஒருத்தன் பீடி பிடிக்கப் போவான், ஒருத்தி பிள்ளையை அதட்டுவாள்.

வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. தெரு நெடுகப் பாவு போட்டிருந்தார்கள். ரெண்டு பக்கமும் ஆட்கள் குனிந்து விரல்களால் முடிச்சுப் போட்டார்கள். அவர் வீடு எதிர்ச்சாரியில் இருந்தது. வழக்கம்போலச் சுற்றிக்கொண்டு போகத் திரும்பினவர், கிட்டத்தில் வந்து ஒரு நிமிஷம் நின்று பார்த்தார். பிறந்ததிலிருந்து பட்டைப் பார்த்த கண் அது. விரல்கள் முடிச்சுப் போட்டன. நடுவில் இழை இல்லை.

கையை நீட்டினார். ஒன்றும் தட்டுப்படவில்லை. ஒரு காலை எடுத்து வைத்தார், இன்னொரு காலையும் வைத்தார், பாவின் குறுக்கே நடந்து அந்தப் பக்கம் போய்விட்டார்.

அவருடைய தெருவில் இதைச் செய்திருந்தால் அவர் அம்மாவிலிருந்து திட்ட ஆரம்பித்திருப்பார்கள். இங்கே யாரும் தலையைத் தூக்கவில்லை. யாரும் திட்டவில்லை. பக்கத்தில் குனிந்திருந்தவர் மட்டும், குனிந்தபடியே, "நல்வரவு" என்றார்.

அப்போதுதான் நமச்சிவாயத்துக்குப் பயம் வந்தது. காலிலிருந்து ஏறி வந்தது.

பச்சைக் கதவு திறந்தது. வாசலில், இவர் போட்டிருந்த மாதிரியே ஒரு ஜரிகைத் துண்டு போட்டுக்கொண்டு நமச்சிவாயம் நின்றார்.

"வாங்க வாங்க" என்றார் அந்த நமச்சிவாயம், ரெண்டு கையையும் விரித்து. "வெளியூருங்களா?"

"இல்ல. காஞ்சிபுரம்."

"அடடே, நம்ம ஊரு. எந்தத் தெரு?"

"இதே தெரு."

"அதான் பாத்த முகமா இருக்குது. உள்ள வாங்க, விசேஷம் நடக்குது. எல்லாரும் வரலாம், யாத்திரிகர்தான் நமக்கு தெய்வம்." சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக நிறுத்தினார்.

உள்ளே ஒன்பது பேரும் இருந்தார்கள். நமச்சிவாயத்தை நிமிர்ந்து பார்த்த கலியாணசுந்தரம், யாரோ விருந்தாளி என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டார். மாப்பிள்ளையின் அம்மா ஜெயம்மாள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தேங்காய், பழம், பூ, மஞ்சள். குமரன் நாற்காலி நுனியில் இருந்தான். அவனுக்கு எதிரே, பாயில், அரக்குப் புடவையில் கலைவாணி. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நமச்சிவாயம் வந்து நின்ற நேரம் முழுக்க அந்தச் சிரிப்பு கூடவுமில்லை குறையவுமில்லை. அப்பா பேசும்போது குறுக்கே பேசாத, நாலு பேர் எதிரில் தலை நிமிராத பெண் ஒருத்தி வேண்டும் என்று அவர் எத்தனையோ நாள் ஆசைப்பட்டிருக்கிறார். இதோ உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த நமச்சிவாயம் கூடத்தின் நடுவில் போய் நின்றுகொண்டு தொண்டையைக் கனைத்தார்.

"பெரியோர்களே. ஏழாண்டுக் காலம் இந்த மண்ணுக்காக..."

நமச்சிவாயம் தன் பேச்சைத் தானே கேட்டது இதுதான் முதல் தடவை. அந்த ஆள் மூக்கால் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு சுற்றிப் பார்த்தார். ரெண்டு நிமிஷம் ஆவதற்குள், இந்த ஆள் எப்போது முடிப்பான் என்று நமச்சிவாயத்துக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் அவருக்கு முதல் இடத்துக்காரர்களின் முகம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

பேச்சு நாற்பது நிமிஷத்தைத் தாண்டிப் போனது. சுவரில் கடிகாரம் பதினொன்று முப்பத்தைந்து காட்டியது. "நல்ல நேரம் முடிய இன்னும் பத்து நிமிஷம் இருக்குது" என்றார் அந்த நமச்சிவாயம் பேச்சுக்கு நடுவில். கொஞ்சம் பேசிவிட்டு மறுபடியும் அதையே சொன்னார். முள் நகரவில்லை. நமச்சிவாயம் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அது பதினொன்று நாற்பத்திரண்டு.

"முனையத்தில் கால் வைத்தால் காஞ்சியில் கால் வைத்ததே" என்று முடித்தார் அந்த நமச்சிவாயம். ஒன்பது பேரும் கை தட்டினார்கள். குமரன் மட்டும் மெதுவாகத் தட்டினான். "சம்பந்தியம்மா, தட்டைக் கொடுங்க."

ஜெயம்மாள் எழுந்தாள். அந்தப் பக்கத்து இந்திராணி வெற்றிலைத் தட்டோடு எதிரில் வந்து நின்றாள். தட்டு ரெண்டும் ஒன்றை நோக்கி ஒன்று நீண்டன.

"நிறுத்துங்க" என்றார் நமச்சிவாயம். அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை. அவர் குரலேதான், ஆனால் இந்த வீட்டில் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் வேறொருத்தர். "இது தப்பு. நான்தான் நமச்சிவாயம்."

"நானும்தான்" என்றார் அந்த நமச்சிவாயம் தன்மையாக. "ஊரெல்லாம் நமச்சிவாயம்தான். உக்காருங்க, சாப்பிட்டுத்தான் போகணும்."

பையில் போன் அடித்தது. கலைவாணி. அவர் பாயில் இருந்தவளைப் பார்த்துக்கொண்டே எடுத்தார். அவள் உதடு அசையவில்லை. காதில் அவள் குரல் பொரிந்தது.

"அப்பா, எங்க இருக்கீங்க? மணி பாத்தீங்களா? அவர் போனையும் எடுக்க மாட்டேங்கறாரு."

"காஞ்சி..." என்று ஆரம்பித்தார். ஏழு வருஷப் பழக்கம். வாயில் வந்துவிட்டது. அந்த நமச்சிவாயம் அவரைப் பார்த்து, அப்படிச் சொல்லுங்க என்பது போலத் தலையசைத்தார். தட்டுகளுக்கு நடுவில் ஒரு சாண்தான் இருந்தது.

"எங்க இருக்கீங்கன்னு கேக்கறேன் இல்ல? வாயத் தொறந்து சொல்லுங்களேன்."

"கோரைத்தாங்கல்ல இருக்கேம்மா" என்றார் நமச்சிவாயம்.

போனுக்குள் அவள் மூச்சை இழுத்தது கேட்டது.

"நம்ம ஊருலேந்து பதினாலு கிலோமீட்டர். காஞ்சிபுரம் இல்லம்மா இது. எப்பவும் இல்ல. நான்தான் பலகையில எழுத வெச்சேன்."

அவர் இதைச் சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த நமச்சிவாயம் உபசரிப்பதை நிறுத்தவும் இல்லை. வாய் அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் மட்டும் அற்றுப்போனது. தறிகள் ஒன்றாக நின்றன. பிறகு சுவர் இருந்த இடத்தில் வெயில் இருந்தது. ஆள் உயரக் கோரை, காலுக்கடியில் சேறு, எங்கேயோ ஒரு கொக்கு. எட்டுப் பேர் ஈரத் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கலியாணசுந்தரத்தின் வலது கை ஒரு டம்ளரைப் பிடித்த மாதிரி வளைந்து நின்றது. அதில் டம்ளர் இல்லை. ஜெயம்மாள் மட்டும் நின்றுகொண்டு, தேங்காய்த் தட்டைக் கோரைப் புல்லுக்கு நீட்டிக்கொண்டிருந்தாள்.

குமரன்தான் முதலில் எழுந்தான். எதிரில் பாய் இருந்த இடத்தைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"புடவை?" என்றாள் ஜெயம்மாள்.

அரக்குப் புடவையை எங்கும் காணோம்.

ஷோயப் அவர்கள் சேற்றுக் காலோடு வருவதைப் பார்த்ததும் சீட்டைத் துடைத்தான். ஒன்பது பேரை உள்ளே திணித்தான். நமச்சிவாயம் அவன் பக்கத்தில் பாதி உட்கார்ந்து பாதி தொங்கினார். வளைவுக்கு உள்ளே இன்னொரு ரயில் வந்து நின்றிருந்தது. ஜனங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக மூலையை நோக்கிப் போனார்கள்.

"இது காஞ்சிபுரம் இல்லைங்க" என்றார் நமச்சிவாயம் அவர்களைப் பார்த்து. "ஊரு அந்தாண்ட இருக்குது."

ஒரு பெண் திரும்பி, அவருடைய சேற்றுக் காலையும் ஜரிகைத் துண்டையும் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவளிடம், "பாவம்" என்றாள். ரெண்டு பேரும் மூலை திரும்பினார்கள்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் ஜெயம்மாள் பின்னாலிருந்து கேட்டாள். "ஏனுங்க, இன்னும் எத்தன தூரமுங்க?"

"முக்கா மணி நேரம் ஆவும்மா" என்றார் நமச்சிவாயம். "ரோடு சுமார்தான். நடுவுல கொஞ்சம் தூக்கிப் போடும். கெட்டியாப் புடிச்சிக்கங்க."

ஷோயப் கண்ணாடியில் அவரை ஒரு தடவை பார்த்தான். பத்து நிமிஷம் என்று அவன் நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்தபோது பன்னிரண்டரை. ராகு காலம் நடுவில் இருந்தது. இந்திராணி கால் கழுவத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே, "ஒண்ணரைக்கு முடிஞ்சிடும், அப்புறம் வெச்சிக்கலாம்" என்று எல்லாரிடமும் சொன்னாள். ஒன்பது பேரும் ஒன்பது நாற்காலியைக் கையால் அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். காப்பி வந்தது. கலியாணசுந்தரம் ஒரு வாய் குடித்து, நாக்கைச் சுட்டுக்கொண்டு, "ஆமா, இது காப்பி" என்றார்.

கலைவாணி வெளியே வந்தாள். கட்டுவதற்கு அவர்கள் கொண்டுவந்த புடவை இல்லாததால் அவளே போட்ட டிசைனில் ஒரு மயில்கழுத்துப் புடவை. ஜெயம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். எழுந்து கிட்டத்தில் போய், கன்னத்தைத் தொடுவது போல விரலை வைத்து, அழுத்தியும் பார்த்தாள்.

"புடவை போயிருச்சே கண்ணு" என்றாள். "பத்துக் கடை ஏறி எடுத்தது."

"போனா போவட்டும் அத்தே. இந்த ஊர்ல பொடவைக்கா பஞ்சம்?"

குரலைக் கேட்டதும் குமரன் நிமிர்ந்தான். காலையிலிருந்து அவன் அப்போதுதான் மூச்சு விட்ட மாதிரி இருந்தது. கலைவாணி பாயில் உட்காரவில்லை. அவனுக்கு எதிரே நின்றாள்.

"அவள எல்லாருக்கும் பிடிச்சிதா?" என்றாள்.

"எல்லாரும் தலையாட்டினாங்க."

"நீங்க?"

"நான் உன்கிட்ட அன்னப்பட்சி காலைப் பத்திக் கேட்டேன். அவ சிரிச்சா. மறுபடி கேட்டேன், மறுபடி அதே சிரிப்பு." அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். "எழுந்து ஓடணும்னு இருந்துச்சு. எங்க ஓடறது? ஊருக்கு வந்துட்டோம்ல."

"ரெண்டு கால் போட்டா நடுவுல எழை தொங்கும். அதனாலதான் ஒரு கால். எத்தன தடவை சொல்றது?"

"சொன்ன."

"அப்ப இப்ப சொல்லுங்க. எனக்கு. சரியா, இல்லையா?"

கூடத்தில் எல்லாரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பன்னிரண்டு நாற்பது. இந்த நேரத்தில் யாரும் சரி என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டார்கள். பால்காரனிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். இந்திராணி வாயைப் பொத்திக்கொண்டாள். கலியாணசுந்தரம் நமச்சிவாயத்தைப் பார்த்தார், பெண்ணைப் பெற்றவர் ஏதாவது சொல்லித் தடுப்பார் என்று. நமச்சிவாயத்துக்கும் பழக்கதோஷத்தில் வாய் திறந்தது. தொண்டையைக் கனைக்கக்கூடச் செய்தார். அந்தக் கனைப்பு தன் காதிலேயே விழுந்தது. வாயை மூடிக்கொண்டு, ஜெயம்மாள் எழுந்த நாற்காலியில் ஏறியிருந்த பூனையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார்.

"சரி" என்றான் குமரன்.